ஏற்காட்டுக்கு ஒரு கணக்கு

நம்ம நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் நமக்கு மலை. சின்னப் பிள்ளைகளிடம் அதைக் காட்டி "அதோ பாரு ஊட்டி" என்று ஏமாற்றுவது எல்லா பிளாக்கிலும் நடப்பதுதான்.

இந்த வருஷம் ஒரு நிஜ மலை உச்சிக்கு காரில் போய் சூரிய உதயம் பார்க்க வேண்டும், அதுவும் அப்பாவோடு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவிடம் சொன்னேன். "நைட் ஷிப்ட் வாரம் பூரா நான் பாக்காத சூரியனா? மைன்ஸ்ல நின்னா தகதகன்னு எதிர்லயே வரும். அதுக்கு பெட்ரோல் போட்டு மலை ஏறணுமா?" என்றார்.

உண்மைதான். ஆனால் அது ராத்திரி முழுக்க கண்விழித்த பிறகு வருகிற சூரியன். தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ், வாயில் கொட்டாவி. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுத்துவிடுவார். நாங்கள் டி.வி. போட மாட்டோம். அம்மா குக்கர்கூட வைக்க மாட்டார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். லீவு நாளில் ஒன்பது மணிக்கு முன் எழுப்பினால் நமக்குத்தான் ஆபத்து! நன்றாகத் தூங்கி எழுந்து சூரியனைப் பார்க்கிற அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

எந்த மலை? தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனால் அங்கே சோதனைச்சாவடி திறப்பதற்குள் சூரியன் மேலே வந்துவிடும். ஹவாய் தீவுகளில் ஹலேயகலா என்று 3,055 மீட்டர் மலை இருக்கிறது. அங்கே உதயம் பார்க்க காரில் போவதற்கு 2017 முதல் முன்பதிவு வேண்டுமாம். நமக்கு ஏற்காடு போதும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி சுமார் 1,620 மீட்டர். கோயில் பக்கம் வரை கார் போகும்.

நான் போட்ட முதல் திட்டம் இது. அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வருவார், சாப்பிட்டதும் கிளம்பி விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி, சேலம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஐந்தரைக்கு உச்சி. நோட்டில் பார்க்க அழகாக இருந்தது. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பத்து மணி வரைக்கும் வேலை பாத்த மனுஷன் ராத்திரி பூரா வண்டி ஓட்டி, வளைவுல கண்ணசந்தா என்னடி பண்றது?" அந்தப் பக்கத்தை அப்போதே கிழித்துவிட்டேன். முதல் நாளே போய் லேடீஸ் சீட்டில் அஸ்தமனம் பார்த்து, ராத்திரி தங்கி, விடியற்காலை கொஞ்ச தூரம் மட்டும் மேலே போவது என்று இரண்டாவது திட்டம் பாஸ் ஆனது.

எந்த நாள்? இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம் கிடைத்தது. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. பிதாகரஸ் தேற்றம் போட்டால் 1,620 மீட்டர் உயரத்திலிருந்து தெரியும் தொடுவானம் சுமார் 144 கி.மீ. தள்ளி இருக்கிறது. அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தேன். சேர்வராயன் உச்சியிலிருந்து நெய்வேலி நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ.! அதாவது அங்கே நின்று பார்த்தால் வானமும் பூமியும் தொடுகிற கோடு கிட்டத்தட்ட நம்ம ஊர்தான். நெய்வேலி ஏற்காட்டுக்குக் கிழக்கே, லேசாகத் தெற்கே தள்ளி இருக்கிறது. பிப்ரவரி 20 முதல் 25 வரையிலும், அக்டோபர் மூன்றாம் வாரத்திலும் சூரியன் சரியாக அந்தத் திசையில்தான் உதிக்கும்.

இன்னொன்று. நாம் கிழக்கே இருப்பதால் இங்கே சூரியன் ஐந்து நிமிஷம் முன்னால் உதிக்கிறது. மலை உயரமாக இருப்பதால் அங்கேயும் ஏறக்குறைய ஐந்து நிமிஷம் முன்னால் தெரியும். இரண்டும் கழிந்துபோகிறது! பிசிக்ஸ் சாரிடம் காட்டினேன். "கணக்கு சரி. ஆனா நடுவுல கல்வராயன் மலை நிக்குதே, அதை மறந்துட்டியா? ஒன்றிரண்டு நிமிஷம் அது மறைக்கும்" என்றார்.

வீட்டில் இதையெல்லாம் படம் வரைந்து அப்பாவுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவ்வளவு தூரம் போயும் நான் மைன்ஸ் பக்கம்தான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் காப்பி கொட்டிவிட்டது.

அக்டோபரில் மழை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. அதனால் பிப்ரவரிதான். அப்போது நெய்வேலியில் உதயம் சுமார் ஆறரை மணிக்கு. சித்தப்பாவின் பழைய மாருதியைக் கேட்டிருக்கிறோம்.

அப்பா இன்னும் லீவு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் நேற்று சித்தப்பாவுக்கு அவராகவே போன் செய்து, "பிரேக் ஷூ எப்படா மாத்தினே? மலையில ஏறுற கியர்லயேதான் இறங்கணும், சும்மா பிரேக்கையே மிதிச்சா சூடாகிப் பிடிக்காது" என்று பத்து நிமிஷம் பேசினார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் போகும் தேதியை இந்தச் சுவரிலேயே எழுதி ஒட்டுகிறேன். அன்றைக்கு மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, சூரியனின் மேல் விளிம்பு தெரிகிற நேரத்தை நிமிஷம், செகண்டோடு குறித்து பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொடுங்கள். மேலே நானும் அப்பாவும் குறித்து வருகிறோம். கல்வராயன் எத்தனை நிமிஷம் மறைக்கிறது என்று பார்த்துவிடலாம்.