மற்றவை மாறாதிருந்தால்

பி.காம். கிடைக்காதவர்களும் கணினி அறிவியலில் இடம் கிடைக்காதவர்களும் வந்து ஒதுங்குகிற வகுப்பு பி.ஏ. பொருளியல். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் இந்தப் பேச்சு தவறாமல் கிளம்பும். மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளையின் வீட்டிலும் இதே நினைப்புதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் அதை நடத்துகிற எங்களுக்கே பெரும்பங்கு. ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா, அதற்கொரு கைடு, இப்போது அந்தக் கைடைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட பிடிஎஃப் என்று மூன்று ஆண்டுகளும் கழிந்தால், மனப்பாடம் தவிர என்ன மிஞ்சும்? ஒழுங்காகப் படித்தாலோ, இந்தப் பட்டம் ஒரு பழக்கத்தை ஊட்டிவிடும். ஒரு மாற்றத்துக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்லுமுன், அதே சமயத்தில் வேறு என்னவெல்லாம் மாறின என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம். மூன்றாண்டுப் படிப்பின் சாரம் அதுதான் என்பது என் கட்சி.

எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோடு முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது. கோட்டின் மேல் நகர்வதும் கோடே இடம்பெயர்வதும் வேறுவேறு என்று எல்லாரும் படம் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அந்த வேறுபாடு மறந்துபோகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது பால்கோவா விலை சற்று ஏறி, விற்பனையும் கூடியது என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதி இங்கே பொய்க்கிறது என்று எழுதும் மாணவர் அநேகம். விதி பொய்க்கவில்லை, தேர் பார்க்க வந்த கூட்டம் கோட்டையே வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. மாணவர்கள் மட்டும் இதில் தடுக்கி விழுவதில்லை. சந்தையில் கிடைத்த விலையையும் அளவையும் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால், அது தேவைக்கோடா, அளிப்புக்கோடா, இரண்டுமில்லாத ஒன்றா என்று 1927இல் பொருளியலாளர் எல்மர் வொர்க்கிங் கட்டுரை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

ராஜபாளையத்து நூல் மில்களை வைத்தே இதைக் காட்டலாம். 2022 மே மாதம் ஒரு கண்டிப் பஞ்சின் விலை (கண்டி என்பது 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அதற்கு முன்பே, ஏப்ரல் 14 முதல், பஞ்சுக்கான 11 விழுக்காடு இறக்குமதி வரியை ஒன்றிய அரசு விலக்கியிருந்தது. வரி போனபின்னும் விலை ஏறியது. ஆண்டின் பிற்பாதியில் இறங்கியது. வரிவிலக்கால் பயனில்லை என்று மே மாதத்திலும், வரிவிலக்கால்தான் விலை இறங்கியது என்று நவம்பரிலும் ஒரே ஆள் எழுதலாம். இரண்டுக்கும் மதிப்பெண் விழும். ஆனால் ஜூனிலிருந்து உலகச் சந்தையில் பஞ்சு விலை சரிந்ததையும், அக்டோபரில் புதுப் பஞ்சு வரத்து தொடங்கியதையும் என்ன செய்வது? வரி நீங்காமல் இருந்திருந்தால் அந்த மே மாதத்தில் விலை எங்கே நின்றிருக்கும் என்பதல்லவா கேள்வி? நடந்ததை, நடக்காமல் போன ஒன்றோடு ஒப்பிடச் சொல்கிறது பாடம். இதில் தெளிவு வந்தால் மீதி தானாகப் படியும். வராமல் பேரியல் பொருளியலின் ஐ.எஸ்.-எல்.எம். மாதிரி வரை போனாலும் அது கோடு போடும் பயிற்சிதான்.

நான்கு சுவருக்குள் இந்தத் தெளிவு வருவது கடினம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊர்களை விசாரித்து வரச் சொன்னார். 1918இல் அது நூலாயிற்று. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் அந்த ஊர்களை மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆய்வுக்கும் நடுவில் முதல் உலகப் போர்க்கால விலையேற்றம் ஒருபுறம், 1930களில் விளைபொருள் விலை விழுந்தது மறுபுறம். கூலியைப் பணத்தில் பார்த்தால் ஒரு விடையும் தானியத்தில் பார்த்தால் வேறு விடையும் வரக்கூடிய காலம் அது. நம் பக்கத்து ஊரைப் பற்றி இப்படி ஓர் ஆவணம் இருப்பதைச் சொல்லாமலே இங்கே பட்டம் கொடுத்துவிட முடிகிறது!

பொருளியல் இன்று கணக்காகிவிட்டது, தமிழ்வழியில் படித்தவர்களால் ஈடுகொடுக்க முடியாது என்பார்கள். மேற்படிப்புக்குக் கணக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பூ விடுமுன்னே மாந்தோப்பைக் குத்தகை பேசுகிறவர், காய்ப்பையும் விலையையும் மழையையும் சேர்த்துத்தான் ஒரு தொகை சொல்கிறார். கணக்கிடக்கூடிய இடர்ப்பாடு வேறு, கணக்கில் அடங்காத நிச்சயமின்மை வேறு என்று 1921இல் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் பிரித்துக் காட்டியதை அந்தத் தோப்பிலிருந்தே தொடங்கி நடத்தலாம். சூத்திரம் பிறகு வரட்டும். வேலை கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலை வேண்டும், டி.என்.பி.எஸ்.சி.யின் பல தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆகவே பட்டத்தின் பெயர் வேலை தராது என்பது சரி. அதனால் படிப்பைக் கைடாகச் சுருக்கிவிடலாம் என்பது மட்டும் எப்படிச் சரியாகும்? பெயருக்கு மதிப்பில்லாதபோது கையில் வித்தையாவது இருக்க வேண்டாமா? கைபேசியே எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல்: மே மாத விடையையும் நவம்பர் விடையையும் அது ஒரே சரளத்தோடு எழுதித் தரும். எது தப்பு என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் அசைன்மென்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஊராய்வுக்குக் கொடுக்கலாம். மம்சாபுரத்து மாணவர் தன் தெருவில் பத்து வீடு பார்க்கட்டும்: என்ன கூலி, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கடன், எந்த வட்டி. அறுபது பேர் எழுதியதை யார் திருத்துவது, வீட்டில் உட்கார்ந்தே எண்களைப் போட்டுக்கொண்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரே தெருவுக்கு, ஒருவருக்கொருவர் தெரியாமல், இருவரை அனுப்பினால் தெரிந்துவிடும். திருத்துவது சிரமந்தான். அதற்குத்தான் சம்பளம்.