நோர்வேயிலிருந்து வந்த ரேடியோ

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயிலிருந்து வந்த ஒரு பிள்ளை எங்கள் வீட்டைத் தேடி வந்து வாப்பாவின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தது. உள்ளே சின்ன ரேடியோ. மரநிறம், முன்பக்கம் சின்னத் திரை. வாப்பா மேசையில் வைத்து, துணியால் ஒருமுறை துடைத்து, "பிஸ்மில்லாஹ்" சொல்லி ஆளியைப் போட்டார். திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. நிலையம் தேடுகிறது என்று எங்களுக்கு விளங்கியது. கோடு முடிவுக்குப் போனதும் திரையில் வந்தது ஒரு பூச்சியம். திரும்பப் போட்டோம். திரும்பவும் பூச்சியம்.

"இவ்வளவு தூரம் வந்து ஊமையாப் போச்சே" என்றார் வாப்பா.

அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. அது நல்ல ரேடியோதான். ஆனால் அது தேடிய சமிக்ஞை எங்கள் ஊர் வானத்தில் இல்லை. அது டி.ஏ.பி பிளஸ் எனும் டிஜிட்டல் ஒலிபரப்புக்காகச் செய்யப்பட்டது.

அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வளவுக்காரர், வாப்பாவின் வயதுதான். இருவரும் ஒருவரையொருவர் "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து எல்லோரையும் போகச் சொன்னபோது, வாப்பா செய்த ஒரு சில காரியங்களில் ஒன்று, தன் மூன்று பேண்ட் நெஷனல் ரேடியோவை வேலிக்கு மேலால் அவரிடம் கொடுத்தது. சோதனையில் எப்படியும் பறிபோகும், மச்சானிடம் இருந்தால் திரும்ப வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். நாங்கள் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தையும் அதற்குச் சற்று மேலும். இதெல்லாம் உம்மா சொல்லிக் கேட்டதுதான்.

அதற்குப் பிறகு அந்த ரேடியோவுக்கு நடந்ததை அவர் பல வருடம் கழித்துப் போனில் சொன்னார். பொருளாதாரத் தடைக்காலம். கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. யாழ்ப்பாணத்துச் சனம் என்ன செய்தது என்று இங்கே உள்ள மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ட் ஆடலோட்டம். அதை டயோட்டும் கொள்ளளவியும் போட்டு நேரோட்டமாக்கினால் நாலு பற்றரி ரேடியோ ஒன்று தாராளமாக இயங்கும். நாங்கள் இதை வருடாவருடம் விஞ்ஞான பாடத்தில் செய்து காட்டுகிறோம். கல்வியியற் கல்லூரியில் படித்த எந்தச் செய்முறையும் பிள்ளைகளை இந்தளவுக்கு எழுந்து நிற்க வைத்ததில்லை. வாப்பாவின் ரேடியோவும் அப்படித்தான் ஐந்து வருடம் பிபிசி தமிழோசை கேட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அதுவும் எங்கேயோ விடுபட்டுப் போனது. முதலில் நாங்கள், ஐந்து வருடம் கழித்து அவர்கள்.

எங்கள் சிறுவயது ரேடியோ புத்தளத்தில். கிடுகுக் கொட்டில் வரிசையில் ஒரு ரேடியோ இருந்தால் அது பத்து வீட்டு ரேடியோ. சிற்றலையில் தமிழோசை வரும், போகும், கடல் இரைச்சல் மாதிரி ஒன்று மேலே ஏறும், அதற்குள்ளிருந்து "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக விழும். உடனே எல்லோரும் "ஷ்ஷ்" என்பார்கள். வாப்பா காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்து, விளங்காத இடங்களைத் தானே நிரப்பி மற்றவர்களுக்குச் சொல்வார். அவர் நிரப்பியதில் எவ்வளவு செய்தி, எவ்வளவு ஆசை என்று இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஒன்றும் வருகிறது. 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. அன்றைக்கு வாப்பா ஒன்றும் பேசவில்லை, நேரத்தோடு படுத்துவிட்டார்.

இந்த இரைச்சலில்தான் பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. பழைய ஒலிபரப்பில் குரலின் அசைவுக்கு ஏற்ப அலையே அசைகிறது. தூரம் கூடக் கூட இரைச்சல் கூடும், ஆனால் காது கெட்டிக்காரன், அதற்குள்ளிருந்தும் சொல்லைப் பொறுக்கிவிடும். டிஜிட்டலில் குரல் முதலில் பூச்சியங்களும் ஒன்றுகளுமாக மாறி, சுருக்கப்பட்டு, பொதியாகப் போகிறது. பொதி போதுமான அளவு வந்து சேர்ந்தால் கண்ணாடி மாதிரித் தெளிவு. போதாவிட்டால் கொஞ்சம் விக்கி, பிறகு மௌனம். நடுவில் ஒன்றுமில்லை. புத்தளத்துக் கொட்டிலில் டிஜிட்டல் ரேடியோ இருந்திருந்தால் அந்த "யாழ்ப்பாணம்" என்ற சொல்லும் வந்திருக்காது.

அதற்காக அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எஃப்.எம்மில் ஒரு நிலையத்துக்கு ஒரு அலைவரிசை, ஒரு ஒலிபரப்பி. டி.ஏ.பியில் ஒரே அலைவரிசையில் பத்துப் பன்னிரண்டு நிலையங்கள், அதற்கு மேலும், ஒன்றாகப் பயணம் செய்யலாம். யாழ்ப்பாணத்துக்குப் போட்டு யோசித்துப் பாருங்கள். தமிழ் நிலையங்களும் முஸ்லிம் சேவையும் சிங்கள நிலையங்களும் ஒரு பள்ளிக்கூட வானொலியும் ஒரே கோபுரத்தில். மின்கட்டணமும் பங்கு போகும்.

உலகத்தில் இதை முழுமூச்சாகச் செய்தது நோர்வேதான். 1995இல் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கி, 2017 ஜனவரியில் வடக்கே நோர்லான்ட் மாகாணத்திலிருந்து எஃப்.எம்மை நிறுத்தத் தொடங்கி, அந்த டிசம்பரில் தேசிய நிலையங்கள் எல்லாவற்றையும் மாற்றி முடித்தார்கள். மலையும் கடல்நீரேரியும் நிறைந்த நாடு, எஃப்.எம் கோபுரங்களைப் பராமரிப்பது பெருஞ்செலவு என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. சின்ன உள்ளூர் நிலையங்கள் பலவற்றை எஃப்.எம்மிலேயே விட்டார்கள். மச்சான் சொன்னார், "எங்கட காரில இருந்த ரேடியோ ஒரே நாளில செத்தது, பிறகு ஒரு துண்டு வாங்கிப் பூட்டினம்." எங்கள் ஊர்ச்சனம் நிறைய இருக்கும் சுவிஸில், அரசுசார் ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று எஃப்.எம்மை நிறுத்தியது. நேயர்கள் குறைந்ததும், மற்ற நிலையங்களின் எஃப்.எம்மை நிறுத்தத்தான் வேண்டுமா என்ற விவாதம் பாராளுமன்றம் வரை போனது. ஹொங்கொங் நேர்மாறு. ஆட்கள் கேட்கவில்லை என்று 2017இல் டிஜிட்டலையே மூடிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2020 டிசம்பருக்குப் பிறகு விற்கும் புதுக் காரில் ரேடியோ இருந்தால் அது டிஜிட்டலும் எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

பக்கத்து வீட்டுக்காரன் இந்தியா வேறு வழி. அங்கே டி.ஆர்.எம் என்ற முறை. பழைய மத்திய அலையிலேயே டிஜிட்டலை அனுப்புவதால் ஒரு ஒலிபரப்பி பல நூறு கிலோமீற்றர் போகும். அகில இந்திய வானொலி சென்னை உட்பட சுமார் 35 மத்திய அலை ஒலிபரப்பிகளை இதற்கு மாற்றியது. இலட்சக்கணக்கான புதுக் கார்களில் வாங்கியும் இருக்கிறது. ஆனால் வீட்டு மேசையில் வைக்கும் பெட்டி சாதாரணச் சனத்தின் விலைக்கு வரவில்லை. அந்தப் பக்கம் டிஜிட்டலாக வரும் சென்னையை இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பிடிக்க எங்களிடம் பெட்டி இல்லை. எங்கள் கையில் இருக்கிற டிஜிட்டல் பெட்டியோ வேறு பாஷை பேசுகிறது!

எங்கள் நாட்டு நிலைமையை என்னவென்று சொல்வது? தொலைக்காட்சியை டிஜிட்டலாக்க ஜப்பான் முறையைத் தெரிந்து 2014 முதல் பேச்சு நடக்கிறது. வானொலியைப் பற்றிய பேச்சு எங்கள் காதுக்கு எட்டவில்லை.

ஆனால் டிஜிட்டல் வானொலி இலங்கைக் கரையைத் தொட்டதே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஆசியாஸ்டார் என்ற செய்மதி ஏவப்பட்டது. வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம், நிறுவியவர் எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா. வானத்திலிருந்து நேரே சின்னப் பெட்டிக்கு வானொலி, அதில் தமிழுக்கும் ஒரு நிலையம். 2004 சுனாமிக்குப் பிறகு சர்வோதயமும் லேர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கரையோரக் கிராமங்களில் முன்னெச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்துப் பார்த்தபோது, இந்தச் செய்மதி வானொலியும் அவற்றில் ஒன்று. குறிப்பிட்ட கிராமத்துப் பெட்டிக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பலாம். எவ்வளவு நல்ல யோசனை. ஆனால் 2008இல் நிறுவனம் வங்குரோத்து, 2009 முடிவோடு இந்தியாவில் சேவையும் நின்றது. சந்தா கட்டி வாங்கிய பெட்டிகள் வெறும் பெட்டிகளாயின.

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது இதெல்லாம் எங்களுக்கு ஞாபகம் வந்தது. நாட்டில் பல இடங்களில் கரண்டும் போன் கோபுரங்களும் சேர்ந்து விழுந்தன. "வானொலி எதற்கு, போனில் எல்லாம் வருகிறதே" என்று வகுப்பில் சொன்ன பிள்ளைகளிடம் நாங்கள் பிறகு அதையே திருப்பிக் கேட்டோம். போனில் வானொலி கேட்க டேட்டா வேண்டும், கோபுரம் வேண்டும், யார் எதைக் கேட்கிறார் என்பதும் எங்கேயோ பதிவாகிறது. வானலையில் வருவதை ஒருவர் கேட்டாலும் ஒரு இலட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான், கேட்பவரின் பெயரும் யாருக்கும் தெரியாது. யுத்தகாலத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்தி கேட்டவர்களுக்கு அந்த இரண்டாவது விஷயத்தின் பெறுமதி தெரியும்.

இந்த நோன்பில் இன்னொரு வேடிக்கை. ஒருநாள் சமையலறையில் போன், விறாந்தையில் பழைய ரேடியோ, இரண்டிலும் ஒரே நிலையம். விறாந்தையில் மஃரிப் பாங்கு தொடங்கிவிட்டது, சமையலறையில் இன்னும் விளம்பரம் ஓடுகிறது. கிட்டத்தட்ட அரை நிமிடப் பிந்தல். டி.ஏ.பியிலும் சில விநாடி பிந்தும். தொலைந்த பொதியைச் சரிசெய்ய, ஒலியைத் துண்டுகளாக்கிக் கொஞ்சநேரம் சேர்த்து வைத்துத்தான் விடுகிறது. பிரித்தானியாவில் மணிக்கணக்குக்குப் போடும் 'பிப்' ஓசையே டிஜிட்டலில் பிந்தித்தான் வரும். நோன்பு திறக்க அரை நிமிடம் பிந்தினால் குடி முழுகாது, சஹர் முடிவில் பிந்தினால் யோசிக்க வேண்டும். அதோடு கொழும்புப் பாங்கு எப்படியும் எங்கள் பாங்கு இல்லை. பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் கொழும்பை விட இரண்டு மூன்று நிமிடம் முந்தி மறையும், ஜூனில் நாலு நிமிடமளவில் பிந்தி மறையும். எனவே போனையும் ரேடியோவையும் விட்டு ஊர்ப் பள்ளி நேரசூசியைப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பிறை அறிவிப்புக்கு மட்டும் வாப்பா இன்னும் ரேடியோவைத்தான் நம்புகிறார். வட்ஸ்அப்பில் வரும் பிறை அவருக்குப் பிறையே இல்லை.

நோர்வே ரேடியோவின் கதை முடியவில்லை. அன்றிரவே எங்கள் சின்னவள் அதன் பின்பக்கத்து ஏரியலை இழுத்து, ஒரு பொத்தானை இரண்டுதரம் அமத்தினாள். எஃப்.எம்! பாட்டு வந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், வாப்பா மட்டும் பெட்டியோடு வந்த கடதாசித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "1990இல தந்த ரேடியோவுக்குப் பதிலாக" என்று மச்சான் எழுதியிருந்தார்.

"நான் என்ன கடனாவா குடுத்தன்?" என்றார் வாப்பா. ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தானே நோர்வேக்கு அழைப்பு எடுக்கச் சொன்னார். நாங்கள் எடுத்துக் கொடுத்தோம்.

"மச்சான், ரேடியோ வேலை செய்யுதா?"

"செய்யுது. நல்லாக் கேக்குது."

"டிஜிட்டல் எடுக்குதோ?"

வாப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாம் எடுக்குது மச்சான். நீ எப்ப வாறாய்?"