பாறைக்குள் இருக்கும் தண்ணீர்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியெல்லாம் பாறைதான். அதன் கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. நிலத்தில் இறங்கிய மழைநீர் பாறை வெடிப்புகளில் பல ஆண்டுகள் தங்கும்போது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ‘போர் தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?’ என்று விவசாயிகள் கேட்பார்கள். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீர் குடிக்க ஆகாது. முளைக்கும் பல்லிலேயே குழந்தைகளுக்குக் கறை ஏறிவிடும். பல ஆண்டுகள் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும்.

இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரை வையுங்கள்; மாடு கழுவ, பாத்திரம் துலக்கப் போர் தண்ணீர் போதும். உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.