சத்தமும் சுவாசமும்



இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது. சில மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனையில் நான் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது ஆலயத்துக்கு வெளியே ஒரு கார் பெரும் உறுமலோடு வந்து நின்றது. சபையார் திரும்பிப் பார்த்தார்கள். அது யாருடைய கார் என்று எல்லாருக்கும் தெரியும். நம் சபையின் வாலிபர் ஒருவர், பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கி, அதைப் பந்தயக் காராக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் உள்ளே நுழைந்த நேரம் பார்த்து நான் பிரசங்கத்தை நிறுத்தி, வெறுமையான பாத்திரந்தான் அதிகம் ஓசையிடும் என்று சொன்னேன். சபை சிரித்தது. எனக்கும் அது நல்ல வார்த்தையாகவே பட்டது. அவர் கடைசி வரிசையில் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாம் வாரம் அவருடைய தாயார் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "குடிக்கிறதுக்கா போறான் ஐயா? சம்பாதிக்கிற காசுல பைப்பை அறுத்து ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறான். அது தப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே என் பழைய மாருதி 800ஐ எடுத்துக்கொண்டு, திண்டுக்கல் சாலை ஓரத்தில் அவர் வேலை பார்க்கும் கொட்டகைக்குச் சென்றேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால், அன்பானவர்களே, ஆயர்களுக்கு மன்னிப்புக் கேட்பது எளிதன்று. கேட்கச் சொல்லியே பழகிவிட்டோம். எனவே நான் பானட்டுக்குள் எட்டிப்பார்த்து, "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். அவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

எந்திரம் பெட்ரோலால் ஓடுகிறது என்றே நாம் நினைக்கிறோம். எடைக் கணக்கில் பார்த்தால் அது பெருமளவு காற்றால் ஓடுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்டீமின் எந்திரம் 1,300 சிசி. முழு வேகத்தில், நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில், அது நிமிடத்துக்கு நாலாயிரம் லிட்டர் காற்றை உள்ளிழுக்கக்கூடியது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் நாம் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர்தான் சுவாசிக்கிறோம். காற்று குளிர்ந்திருந்தால் செறிந்திருக்கும், அதே இடத்தில் அதிகப் பிராணவாயு அடங்கும், அதிகப் பெட்ரோல் எரியும், விசை கூடும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எந்திரத்துக்குக் கொண்டுவரும் குழாயைத்தான் அந்த வாலிபர் தம் கையால் செய்துகொண்டிருந்தார்.

நம் ஊரில் இது புதிய செய்தியன்று. சமயநல்லூர் மின்நிலையத்தின் பெரிய டீசல் எந்திரங்களை நம்மில் பலர் அறிவோம். அத்தகைய எந்திரங்களில் டர்போ காற்றை அழுத்தும்போது அதன் வெப்பம் நூறு பாகையைத் தாண்டிவிடும். அதைத் தண்ணீரால் குளிரவைத்த பின்னரே சிலிண்டருக்குள் அனுப்புவார்கள். அந்த நிலையத்தில் பணியாற்றிய நம் சபை மூப்பர் ஒருவர் இதை எனக்குப் பிற்பாடு விளக்கினார். இத்தனை ஆண்டுகள் அதன் புகைபோக்கியைக் கடந்து சென்றும் நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

தம்பி முதலில் செய்தது, பலரும் செய்வது: காரோடு வந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றைப் பானட்டுக்குள்ளேயே திறந்தபடி மாட்டினார். உடனே எந்திரம் உறுமத் தொடங்கியது. நான் பிரசங்கத்தை நிறுத்தியது அந்த உறுமலுக்குத்தான். உறுமல் கேட்டவுடன் கார் வேகமெடுத்ததாகவே தமக்கும் தோன்றியது என்றார். ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டி வெறும் பெட்டியன்று. உள்ளிழுக்கும் காற்றின் ஓசையை அடக்குவதற்கான அறைகளும் அதற்கு உண்டு. அதை நீக்கினால் ஓசை வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. தமக்குத் தோன்றியதை அவர் நம்பி நின்றுவிடவில்லை. மீன்தொட்டிக்கு விற்கும், நீண்ட கம்பி கொண்ட வெப்பமானி ஒன்றை வாங்கி, அதன் முனையை ஃபில்டரின் வாயில் கட்டி, மீட்டரை ஓட்டுநர் இருக்கைக்குக் கொண்டுவந்தார். மே மாதப் பிற்பகல். வெளியே 39 பாகை. ரயில்வே கேட்டில் நின்றிருந்தபோது மீட்டர் 68 காட்டியது. குளிர்ந்த காற்றுக்கென்று செய்த ஏற்பாடு, ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் கக்கிய அனலைக் குடித்துக்கொண்டிருந்தது. அதே கேட்டில், அதே வெயிலில், பழைய பெட்டியை மாட்டிப் பார்த்தால் 45. பெரும்பாலான கார்களில் உற்பத்தியாளர் பெட்டியின் குழாயை முன்பக்கக் கிரில்லுக்கு அருகிலோ மட்கார்டுக்குள்ளோ வெளிக்காற்றை நோக்கித்தான் வைத்திருப்பார். இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழு சதவீதம் வேறுபடும். பெருமைப்பட்டுச் செய்த வேலை எந்திரத்தின் மூச்சைக் குறைத்திருக்கிறது. காது கூடியது என்றது. கண் குறைந்தது என்று கண்டது.

அடுத்து அவர் மழைநீர்க் குழாய்க்கான பிவிசி பைப்பை வாங்கி, ரப்பர் இணைப்பும் கிளாம்ப்பும் போட்டு, முன் பம்பருக்குப் பின்னே தாழ்வாக வாயை இறக்கினார். எக்ஸாஸ்ட் பக்கம் அலுமினியத் தகடு ஒன்றை வளைத்து வெயில் மறைப்பதுபோல் மறைத்தார். வெப்பம் இறங்கியது, 41 வரை வந்தது. அதிலும் இரண்டு இடர்கள். பிவிசி எண்பது பாகைக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். எந்திரத்தின் அருகே அது நிற்காது. இரண்டாவது, தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக்கு மதுரைச் சுரங்கப்பாதைகள் எப்படி நிறையும் என்று உங்களுக்கே தெரியும். தாழ்ந்த வாய் தண்ணீரை உறிஞ்சினால், காற்றைப்போல் தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வர, கனெக்டிங் ராடு வளையும். வேற்றூரில் அவருடைய நண்பர் ஒருவருக்கு அப்படியே நேர்ந்து, எந்திரத்தையே இறக்க வேண்டியதாயிற்று. வளைந்த அந்த ராடை இவர் கேட்டு வாங்கி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இத்தனை கனமான இரும்பை ஒரு குவளைத் தண்ணீர் வளைக்குமா என்று நம்ப முடியவில்லை.

சட்டமும் இருக்கிறது, ஐயா என்று அவரே சொன்னார். உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சாலைக்குப் பழைய பெட்டி. பைப்பெல்லாம் என்றாவது ஒருநாள் பந்தயத் தடத்துக்கு. அங்கேகூட ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தும் நேரத்தில்தான் இதன் பலன் தெரியும் என்றார்.

கொட்டகைச் சுவரில் கரிவரதனின் படம் ஒன்று இருந்தது. எனக்கு அவரைத் தெரியாது, அன்றுதான் தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூர்க்காரர். 1980களின் இறுதியில், நாம் காய்கறி வாங்கப் போகும் மாருதி 800இன் 796 சிசி எந்திரத்தை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, வசதியற்ற வாலிபர்களும் பந்தயத்துக்கு வர வழி திறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்திலும், பின்பு 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் அக்காலத்துப் பந்தயங்கள் நடந்தன. அந்த மாருதிப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் சிறிய விமான விபத்தொன்றில் இறந்துபோனார். செட்டிப்பாளையம் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. "அவரும் இருக்கிறதை வச்சுத்தான் ஐயா செஞ்சாரு" என்றார் தம்பி.

அரசரடி இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றுக்கும் அம்மொழியில் ரூவாக் என்ற ஒரே சொல். நம் தமிழிலும் ஆவி என்றால் உயிரும் உண்டு, இட்லிப் பானையின் ஆவியும் உண்டு. முப்பது ஆண்டுகளாக இதைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். எலியா ஓரேபின் கெபியில் பெருங்காற்றையும் அக்கினியையும் கடந்துபோகவிட்டு, அதன்பின் வந்த மெல்லிய சத்தத்துக்கே முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்ததையும் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வாலிபனின் காரில் உறுமலைக் கேட்டவுடன் அவனையே அளந்துவிட்டேன். அவனாவது வெப்பமானி கட்டிப் பார்த்தான்.

மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை. அவர் என் காரைப் பார்த்து, "பானட்டைத் திறக்கவா ஐயா?" என்றார். சிறுமலை ஏற்றத்தில் என் கார் மூச்சு வாங்குகிறது, இந்தக் காலத்துப் பெட்ரோல் சரியில்லை என்று நான் பலரிடமும் குறைப்பட்டதுண்டு. அவர் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். கார்பரேட்டர் கொண்ட பழைய மாருதி 800இன் ஏர் ஃபில்டரில் சிறு நெம்பு ஒன்று உண்டு. ஒருபுறம் எஸ், கோடைக்கு. மறுபுறம் டபிள்யூ, குளிருக்கு. டபிள்யூவில் வைத்தால் எக்ஸாஸ்ட் குழாயின் அருகிலிருந்து சூடான காற்றை எந்திரம் இழுக்கும். பெட்ரோல் சரியாக ஆவியாகாத மலைக்குளிருக்கு அது தேவை. என் காரை நான் கொடைக்கானல்காரர் ஒருவரிடம் வாங்கியிருந்தேன். நெம்பு டபிள்யூவிலேயே துருப்பிடித்து நின்றது. எட்டு ஆண்டுகள், மதுரை வெயிலில், என் கார் அனலைச் சுவாசித்துக்கொண்டிருந்தது.

சகோதரனுடைய கண்ணிலுள்ள துரும்பைப் பற்றியும் தன் கண்ணிலுள்ள உத்திரத்தைப் பற்றியும் நான் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடத்திலேயே, பானட் திறந்தபடி இருக்க, "தம்பி, அன்றைக்கு நான் பேசியது தப்பு" என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "விடுங்க ஐயா" என்றார். சபை நடுவே அவமானப்படுத்தியதைக் கொட்டகையில் மட்டும் சரிசெய்ய முடியாது என்பதால், அடுத்த ஞாயிறு அறிவிப்புகளுக்கு முன் அதைச் சபைக்கு முன்பாகவும் சொன்னேன். சிரித்தவர்களில் சிலர் தலைகுனிந்தார்கள். அவர் வந்திருந்தார். எஸ்டீம் ஓசையின்றி வந்து நின்றிருந்ததால் நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

கொட்டகையில் அன்று மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டி அந்த நெம்பை எஸ் பக்கம் திருப்பிக் கொடுத்தவர், பானட்டை மூடும்போது சொன்னார்: "கொடைக்கானல் பக்கம் பிரசங்கத்துக்குக் கூப்பிட்டா மட்டும் மறுபடி டபிள்யூ பக்கம் தள்ளிக்கங்க ஐயா."