பூக்கல்லுக்கு ஒரு மகமை

செட்டிநாட்டின் ஆத்தங்குடிப் பட்டறைகளில் தரைக்குப் பூக்கல் வார்க்கும் இடத்தில் சூளை இல்லை, அழுத்தும் இயந்திரமும் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, சிமென்டில் கலந்த சாயக் குழம்பைச் சிறு கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும் கணத்தில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, சாந்தை நிரப்பி, கரணையால் மட்டம் தட்டிக் காயவைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். கல் இறுகியதும் கண்ணாடி கழன்று வந்துவிடுகிறது. பூக்கல்லின் பளபளப்புக்கு யாரும் மெருகு போடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பைக் கல் அப்படியே வாங்கிக்கொள்கிறது. சிமென்ட் ஓடு வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி மொராக்கோ, கியூபா என்று பல நாடுகளுக்குப் போனது. அங்கெல்லாம் அழுத்து இயந்திரம் செய்யும் வேலையை இங்கே கண்ணாடியும் உள்ளூர் மணலும் மனிதக் கையும் செய்கின்றன. குனிந்தபடி நாள் முழுவதும் இதைச் செய்கிறவரிடம் ‘ஏன் இந்த மணல்? ஏன் இத்தனை நாள் ஊற வேண்டும்?’ என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

செட்டிநாட்டில் கதைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பெரிய வீடுகள் விடுதிகளாகிவிட்டன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஜப்பான் ஓடு என்று விருந்தாளிக்கு விரிவாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறியதற்கும் இந்த வரலாறுதான் பின்பலம். ஆனால் அது வீட்டைக் கட்டச் சொன்னவர்களின் வரலாறு. தரையை வார்த்தவரும், கண்டாங்கிச் சேலை நெய்தவரும், பனை ஓலையில் கொட்டான் என்னும் கூடை பின்னிய பெண்ணும் அதில் பெயரில்லாமல் வந்துபோகிறார்கள். இவர்கள் தங்கள் வேலையைத் தங்கள் வாயால் சொல்லவும், அது ஊர்ப் பள்ளிக்கும் ஊர்க் கடைக்கும் போய்ச் சேரவும் ஒரு கதைசொல்லல் திட்டம் வேண்டும். அதற்கான பணம் இந்தப் பொருள்களின் விற்பனையிலிருந்தே மகமையாகப் பிரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மகமை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று பேரேட்டில் தனிப் பற்றாக எழுதிவைப்பது செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் வழக்கம். ஊர்க் கோயிலுக்குத் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டுப் புள்ளிவரி கட்டும். விருதுநகர் நாடார்கள் மகமையும் பிடியரிசியும் சேர்த்து நடத்திய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். ஒரு கைப்பிடி அரிசி பள்ளிக்கூடத்தைத் தாங்கும் என்பது தமிழ்நாடு கண்ட உண்மை. கதை கேட்பதற்குக் காசு போடும் பழக்கமும் காரைக்குடிக்கு உண்டு. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் பங்குனியில் விழா எடுக்கிறது. காரைக்குடியில் தொடங்கும் அந்த விழா நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவடையும். ஒரு காவியத்தை ஊரே கூடிக் கேட்பதற்கு இத்தனை ஆண்டுகளாகக் கொடை வந்திருக்கிறதென்றால், ஊரின் கைத்தொழிலைக் கேட்பதற்கும் வரும் என்று நம்ப இடமிருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பழைய புள்ளிக் கணக்கு சமூகத்துக்குள் எண்ணியது. கல் வார்ப்பவர் அதில் புள்ளி ஆனதில்லை. புதிய மகமை தொழிலை வைத்து எண்ண வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டால் போதாதா என்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கைவினைக்கும் பண்பாட்டுக்கும் அந்த நிதியைச் செலவிட வழிசெய்திருக்கிறது. ஆனால் 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ உள்ள நிறுவனங்களைத்தான் அந்தக் கடமை கட்டும். செட்டிநாட்டுக் கதையால் பிழைக்கும் சிறு விடுதிகளையும் கல் வியாபாரிகளையும் அது தொடுவதில்லை. அரசுப் பள்ளிகளுக்குக் கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியே கட்டடமும் கருவியும் வாங்கித் தரலாம். வாங்கித் தரவும் வேண்டும். ஆனால் கதைசொல்லிக்கு மாதா மாதம் கூலி கொடுக்க நிலையான ஊற்று வேண்டும். பெரிய கொடையாளியின் மனம் மாறினால் திட்டம் நின்றுவிடும். விற்பனையோடு கட்டிய மகமை, கல் விற்கும்வரை வரும். சதுர அடிக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால், 1000 சதுர அடி தளம் போடுகிறவர் 1000 ரூபாய் தருவார். வீடு கட்டும் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. பட்டறைக்காரர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு ஒரு பொழுது உட்கார அது உதவும்.

நான் மிகவும் மதிக்கும் எதிர்ப்பு பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறது. கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்றதுமே தமிழ்நாட்டுக்கு 1953 நினைவுக்கு வரும். பிள்ளைகள் பள்ளி நேரம் போகப் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்து அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. அந்த நியாயத்தை இந்தத் திட்டம் தன் விதியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். எந்தப் பிள்ளையும் பட்டறையில் வேலை பழகக் கூடாது. கல் வார்ப்பவரின் மகளும் விடுதி முதலாளியின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சொல்லப்படுவதில் முதுகுவலியும், சிமென்ட் அரித்த விரலும், ‘என் பிள்ளை இந்த வேலைக்கு வர வேண்டாம்’ என்ற பேச்சும் இருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டு அழகை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். கேட்டதை எழுதுவது தமிழ்ப் பாடம். சிமென்ட் தண்ணீரில் ஏன் இறுகுகிறது என்பது அறிவியல் பாடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே காரைக்குடியில் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானி ஒருவரும் பட்டறைத் தொழிலாளி ஒருவரும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துப் பேசினால், சாயம் மங்காத காரணத்தைப் பிள்ளைகள் இரண்டு மொழியில் கேட்பார்கள். தேர்வுக்கும் அது பயன்படும்.

கூலியை உயர்த்தாமல் கதையைப் பேசி என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. கூலி உயர வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கூலி எங்கே குறைகிறது என்று பார்க்க வேண்டும். கையால் வார்த்த கல்லில் ஒன்றுக்கொன்று நிறம் சற்று மாறும், கோடு சற்று நெளியும். விவரம் தெரியாதவர் அதைப் பழுது என்று ஒதுக்குவார், அல்லது விலையைக் குறைப்பார். விவரம் தெரிந்தவர் அதற்காகவே வாங்குவார். கொட்டானில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். கல்யாணச் சீரில் இருந்து மறைந்துகொண்டிருந்த அந்தக் கூடையை விசாலாட்சி ராமசாமியின் அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. அது பிளாஸ்டிக் கூடையோடு விலையில் போட்டி போட்டிருந்தால் தோற்றிருக்கும். ஓலையைக் கிழித்துச் சாயம் ஏற்றிப் பின்னுவது எவ்வளவு வேலை என்று வாங்குகிறவருக்குத் தெரிந்ததால் நின்றது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பெயரைக் காக்கும். ஏன் அந்த விலை என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு அதை நெசவாளி சொல்லித்தர வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி வாங்கிக்கொண்டு. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இணையத்தில் கிடக்கும் படங்களைப் பார்த்தால் போதும். செய்முறை எப்போதோ ஊரறிந்ததாகிவிட்டது. அச்சை ஆடாமல் தூக்கும் கை மட்டும் இன்னும் இங்கே இருக்கிறது.

மகமை அந்தக் கைக்கே போய்ச் சேரக் கணக்கில் கண்டிப்பு வேண்டும். மகமைப் பணத்தை வைத்திருக்கும் குழுவில் முதலாளிகளும் தலைமையாசிரியரும் இருக்கட்டும். பாதி இடம் கையால் வேலை செய்கிறவர்களுக்கு, அதில் பெண்களுக்கும். யாருடைய பேச்சைப் பதிவு செய்தாலும் அதைக் கடையில் வைக்கலாமா, பள்ளியோடு நிறுத்த வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும். வரவு செலவை ஆத்தங்குடி ஊராட்சியின் கிராம சபையில் மே 1 அன்று எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். எத்தனை கல் விற்றது, எவ்வளவு பிரிந்தது, யாருக்கு எத்தனை நாள் கூலி போனது என்ற மூன்றும் அந்தத் தாளில் இருந்தாக வேண்டும்.