வரவு நின்றுபோன வாகனம்

ஒரு குடும்பத்தின் சேமிப்பு நாளுக்கு நாள் கரைந்தால், பணப்பெட்டியை மாற்றிப் பயனில்லை. வரவு எங்கே நின்றது என்றுதான் பார்க்க வேண்டும். காருக்கும் இக்கணக்கே பொருந்தும். பேட்டரி என்பது கையிருப்பு. எஞ்சினைக் கிளப்புவதே அதன் முதற்பணி. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் விளக்குகளுக்கும் ஏசிக்கும் மின்சாரம் வழங்கி, பேட்டரியில் குறைந்ததை ஈடுசெய்வது ஆல்டர்னேட்டர். எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து சுழலும் இக்கருவியைப் பட்டறைகளில் இன்றும் பழைய வழக்கப்படி டைனமோ என்றே சொல்வர்.

தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கிருத்திகைதோறும் மனைவியுடன் சுவாமிமலைக்குத் தம் பழைய காரிலேயே சென்று வருவார். ஒருநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கிப் போட்டார். பத்து நாட்களில் அதுவும் தளர்ந்தது, சார்ஜ் ஏற்றிக்கொண்டார். வண்டி சிக்னலில் நிற்கும்போது முகப்பு விளக்கு மங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசித்தது. பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கும் அவ்வப்போது மின்னி மறைந்தது. புதிய பேட்டரிதானே என்று அவர் பொருட்படுத்தவில்லை.

அடுத்த கிருத்திகையன்று தரிசனம் முடித்துத் திரும்புகையில் இருட்டிவிட்டது. பாபநாசம் தாண்டியதும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. முகப்பு விளக்கின் ஒளி மஞ்சளித்துச் சுருங்கியது. ஐயம்பேட்டையை எட்டுமுன் ஸ்டியரிங் கனத்து, எஞ்சின் நின்றது. பின்புற விளக்குகளும் எரியவில்லை. பின்னால் லாரிகள் விரைந்து வந்துகொண்டிருந்தன. மனைவியைச் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்து, கைப்பேசி விளக்கை அசைத்தபடி அவர் நின்ற சில நிமிடங்கள் நெடியவை. அவ்வழியே வந்த இளைஞர்கள் வண்டியைத் தள்ளி ஓரம் சேர்த்தனர்.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சோதித்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்குங்க ஐயா, டைனமோதான் சார்ஜ் ஏத்தலை" என்றார். அவர் கையாண்ட முறை எளியது. பேட்டரியைத் தனியே சார்ஜ் ஏற்றி, அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். இவ்வண்டியிலோ எண் உயரவே இல்லை. விளக்கைப் போட்டதும் 12க்கும் கீழே இறங்கியது. உடனே டைனமோவைக் கழற்றிவிடாமல், பெல்ட்டின் இறுக்கம், பேட்டரி முனைகளில் படிந்த பச்சைப் பூப்பு, ஒயர் இணைப்புகள், ஃபியூஸ் ஆகியவற்றை முதலில் பார்த்தார். அவற்றில் குறையில்லை என்றபின்பே கழற்றினார். உள்ளே கார்பன் பிரஷ்கள் முற்றிலும் தேய்ந்து, அவை உரசும் வளையங்களிலும் பள்ளம் விழுந்திருந்தது.

பிரஷ், பேரிங் போன்றவை மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றினாலே போதும், செலவு குறைவு. இங்கே முழுவதையும் மாற்ற நேர்ந்தது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். அது இணைந்திருக்க ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். புதிய டைனமோ அதே ஆம்பியர் அளவும் அதே புல்லியும் கொண்டிருத்தல் அவசியம். விரிசல் கண்ட பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுவது நலம். பொருத்தியபின் விளக்கும் ஏசியும் இயங்கும்போதே அளந்ததில் 13.9 வோல்ட் காட்டியது.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் சிலரிடம் உண்டு. இக்கால வண்டிகளில் அது மின்னணுப் பாகங்களைப் பாழாக்கிவிடும். அதற்கு இடம் தரலாகாது.

பயணத்தின் நடுவே சிவப்பு விளக்கு எரிந்தால், ஏசியையும் பாட்டையும் நிறுத்திச் செலவைக் குறைக்க வேண்டும். வெப்பமானி உயர்ந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே ஓரமாக நிறுத்துவதே முறை. உயரவில்லையெனில், எஞ்சினை அணைக்காமல் அருகிலுள்ள ஊரை அடைந்துவிடலாம். அணைத்தால் மீண்டும் கிளம்புவது அரிது. வெளியூர்ப் பயணத்துக்கு முன் ஒருமுறை வோல்ட் அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். முதியோர் இருவர் மட்டுமே செல்லும் பயணத்துக்கு அந்த இரண்டு நிமிடம் மிகவும் இன்றியமையாதது.