கூந்தன்குளத்தில் காமிராவுடன்

திருநெல்வேலியினின்று தெற்கே, மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறக்குறைய 38 கி.மீ. பயணம் செய்தால் கூந்தன்குளம் என்னும் சிற்றூரை அடையலாம். பனைகளும் புன்செய் நிலங்களும் சூழ்ந்த ஊர். அங்கே வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும், ஓட்டுக் கூரைக்குச் சற்றே மேலாக, மூன்றடி உயரமுள்ள நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கீழே பாத்திரம் துலக்கும் ஓசையும் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் ஆரவாரமும். மேலே நாரைகள் அலகைத் தட்டும் கடகடவென்ற ஒலி. இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை.

பறவைகளின் எச்சம் கூரையிலும் முற்றத்திலும் விழுகிறது. மீன் நாற்றமும் உண்டு. எனினும் அவ்வூரார் முகம் சுளிப்பதில்லை. எச்சம் கரைந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக இடுகின்றனர். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்தவர்களும் அவ்வூரில் உண்டு. 1994-ஆம் ஆண்டில் அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகவும் இது சேர்க்கப்பட்டது. ஆயின் இவ்வறிவிப்புகளுக்கெல்லாம் நெடுநாள் முன்னரே பறவைகளுக்கு அடைக்கலம் தந்தவர்கள் அவ்வூர் மக்களே.

இத்தகைய ஊருக்கு நாம் சென்றது பறவைகளைப் படம்பிடிக்கப் பயிலும் பொருட்டு. ஐம்பதைக் கடந்தபின் இதென்ன புது ஆசை என்று நேயர்கள் வினவக்கூடும். நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய காமிராவையும் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் நமக்கு அளித்தார். அதனைப் பெட்டியில் பூட்டி வைக்க மனமில்லை. பங்கு இளைஞர் இருவர் உடன் வந்தனர். மாசி மாதத்து விடியற்காலையில், வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்றுக் குளக்கரையை அடைந்தோம்.

கருவிகளைப் பற்றி அதிகம் கூறப் போவதில்லை. கடைக்காரர்களே போதிய அளவு கூறிவிடுவர். ஆனால் சில செய்திகள் புதியவருக்குப் பயன்படும். காலை ஆறரை முதல் எட்டரை வரை உள்ள சாய்ந்த வெயிலே சிறந்தது. உச்சி வெயிலில் பறவையின் கண் நிழலில் மறைந்துவிடும். படத்தில் எது மங்கினாலும் கண் மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். அமர்ந்திருக்கும் நாரைக்கு ஒரு வினாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் போதும். பறக்கும் நாரைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ தேவை. வெண்ணிறப் பறவைகளிடம் தனிக் கவனம் வேண்டும். கரும்பச்சைக் கருவேல மரத்தின் முன் ஒரு வெண்கொக்கு நின்றால், காமிரா மரத்தின் இருளைக் கணக்கிட்டு ஒளியை மிகுதியாக உள்ளே விடும். கொக்கின் இறகுகள் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரே வெள்ளையாகிவிடும். ஆகவே ஒளியைச் சற்றுக் குறைத்துப் பிடித்தால்தான் இறகின் மடிப்புகள் தெரியும்.

காற்றின் திசையையும் அறிய வேண்டும். பெரும் பறவைகள் காற்றை எதிர்த்தே மேலெழும். காற்றை எதிர்த்தே இறங்கும். ஆதலின் காற்றும் கதிரவனும் நம் முதுகுப்புறம் இருக்குமாயின், கூழைக்கடா நீரில் இறங்கும்போது அதன் முகம் நம் பக்கமாகவே இருக்கும். அக்காட்சி கண்கொள்ளாதது. அத்துணை பாரமான உடல், பாதங்களை முன்நீட்டி, நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு வழுக்கி வந்து நிற்கிறது. உடன் வந்த இளைஞர் ஒருவர் படம் எடுக்கவும் மறந்து வாய்பிளந்து நின்றார்.

குளத்தின் நடுவே வரித்தலை வாத்துகள் கூட்டமாய் மிதந்தன. வெண்தலையின் பின்புறம் இரண்டு கருங்கோடுகள், அதனால் அப்பெயர். மங்கோலியா, திபெத்து முதலிய நாடுகளில் குஞ்சு பொரித்து, 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலும் பறக்கவல்ல இவை இமயத்தைக் கடந்து இந்தத் தென்கோடிக் குளத்திற்கு வருகின்றன. அவற்றை நெருங்கிப் படம்பிடிக்க நம் லென்ஸ் போதவில்லை. புள்ளிகளாகவே பதிந்தன. அதனாலென்ன? கண்ணாரக் கண்டோம்.

இக்கலையின் முன்னோடிகள் பட்ட பாடு சிறிதன்று. இங்கிலாந்தின் ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளுடன் படம்பிடித்தனர். பின்னர்ப் பறவைகள் அஞ்சாதிருக்கப் பாடம் செய்த எருதின் உட்கூட்டில் ஒளிந்திருந்து படமெடுத்தனர். எரிக் ஹாஸ்கிங் என்பார் 1937-இல் ஆந்தையைப் படம்பிடிக்கச் சென்ற இரவில், அதன் நகம் பட்டு இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னும் பல்லாண்டுகள் ஒற்றைக் கண்ணுடனேயே பறவைகளைப் படமெடுத்தார். நம் நெல்லைச் சீமையும் இதில் பின்தங்கவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளைப் படம்பிடித்துப் புகழ் பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என ஏங்கும் இளைஞர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

வெயில் ஏறியபின் ஊருக்குள் வந்தோம். ஒரு வேப்பமரத்தின் கீழ் மூதாட்டி ஒருவர், "வேலி ஓரத்துல நிழலா இருக்கு, உக்காருங்க சாமி" என்று இடம் காட்டினார். தலைக்கு மேலே சங்குவளை நாரையின் கூடு. மஞ்சள் மூக்கு நாரை என்றும் இதனை அழைப்பர். இறகின் ஓரங்களில் இளஞ்சிவப்பு தீட்டினாற் போன்ற அழகு. தாயோ தந்தையோ அறியோம். ஒரு நாரை கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, இரு சிறகுகளையும் பாதி விரித்து அசையாதிருந்தது. அச்சிறகு நிழலில் வெண்பஞ்சு போர்த்திய இரண்டு குஞ்சுகள்.

அவ்வேளையில் வெளியூர் இளைஞர் ஒருவர், நம்முடையதைவிட இருமடங்கு நீளமான லென்ஸுடன் அங்கு வந்தார். நிற்கும் நாரையின் படம் அவரிடம் நிறைய இருந்தது போலும். எழுந்து பறப்பது வேண்டும். ஓங்கிக் கைதட்டினார். நாரை எழுந்தது. அவருடைய காமிரா சடசடவென ஓடியது. குஞ்சுகள் சுடுவெயிலில் அலகைத் திறந்து தொண்டை துடிக்கக் கிடந்தன. ஒரு காகம் அடுத்த கிளையில் வந்தமர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"ஏய்யா, கை தட்டாதீய! குஞ்சு வெயில்ல கெடக்கும்லா?" என்று மூதாட்டி எழுந்துவிட்டார். கையிலிருந்த விளக்குமாற்றைக் காகத்தின் பக்கம் வீசி ஆட்டினார். இளைஞர் ஒன்றும் பேசாமல் காமிராவைத் தாழ்த்தினார். நாரை குளத்தின் மேல் இரண்டு வட்டமிட்டு, பக்கத்து மரத்தில் தயங்கி நின்று, பின்னர்க் கூட்டுக்குத் திரும்பியது. நம் கைக்கடிகாரத்தில் ஆறு நிமிடங்கள் கழிந்திருந்தன. இந்த ஆறு நிமிடம் ஒருமுறை நிகழ்ந்தால் குஞ்சு பிழைத்துக்கொள்ளும். ஒரு விடுமுறை நாளில் வரும் அத்தனை பேரும் ஒவ்வொரு முறை கைதட்டினால்? கணக்கு எளிதானதே.

அந்த இளைஞரைக் கெட்டவர் என்று கூற நாம் துணியோம். சிறிது நேரத்தில் அவரும் வேலியோரம் வந்து அமர்ந்தார். மூதாட்டி அவருக்கும் தண்ணீர் கொடுத்தார். பறவை எப்போது தானே எழும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு என அவரே நமக்குச் சொல்லித் தந்தார்: கழுத்தை நீட்டும், உடலை முன்சாய்க்கும், பல வேளைகளில் எச்சமிடும், அடுத்த கணம் பறக்கும். இத்தனையும் அறிந்தவர் ஏன் கைதட்டினார் என்று நாம் கேட்கவில்லை. இணைப்பறவை இரையுடன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்பொழுது காவலிருந்த நாரை தானாகவே கழுத்தை நீட்டியது. அவர் காமிராவைத் தூக்கினார், நாமும் தூக்கினோம்.

செல்ல விரும்பும் குடும்பத்தினர் தை முதல் பங்குனி வரை செல்லலாம். பளிச்சென்ற நிற உடைகளைத் தவிர்க்கவும். கூட்டின் அருகே ஒளிவிளக்கு மின்னச் செய்யலாகாது. பிள்ளைகளுக்கு ஓர் இருகண் தொலைநோக்கி போதும். காமிராவைவிட அது அவர்களுக்கு அதிகம் காட்டும். குளத்தின் நீர் மழையையும் மணிமுத்தாற்றுக் கால்வாயையும் நம்பியிருப்பது. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வேறிடம் நாடிச் செல்லும். எனவே புறப்படுமுன், குளத்தில் நீர் கிடக்கிறதா என்று மூலைக்கரைப்பட்டியில் எவரையேனும் கேட்டறிந்து செல்வது நன்று.